அமெரிக்க நாட்டுப்புற நீர்வண்ண உருவப்படம்: யாரைப் பார்த்து வரையத் தொடங்கலாம்?

வாட்டர்கலரில் கொஞ்சம் கை வந்தவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. 1800-க்கும் 1850-க்கும் நடுவே அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து, நியூயார்க், பென்சில்வேனியா பக்கம் ஊர் ஊராகப் போய் வரைந்தவர்களின் உருவப்படங்களை இணையத்தில் பார்க்கிறார்கள். நிழலே இல்லாத தட்டை முகம், கத்தரித்து ஒட்டியது போன்ற உடல், கையில் புத்தகமோ பூவோ. பார்த்ததும் பிடித்துப்போகிறது. அந்தப் பாணியில் தாத்தா பாட்டியை வரையலாம் என்று உட்கார்ந்தால், யாரைப் பின்பற்றுவது என்பதில் சிக்கிக்கொள்கிறார்கள். டேவிஸா, ஷூட் தம்பதியா, எல்ஸ்வொர்த்தா? தூரத்திலிருந்து எல்லாம் ஒரே மாதிரி தெரியும். பிரஷ்ஷை எடுத்த பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

இவர்களில் பெரும்பாலோர் முறையாக ஓவியம் படித்தவர்கள் இல்லை. தனக்கு எது வராதோ அதைத் தவிர்க்க ஆளுக்கொரு வழி கண்டுபிடித்து, அங்கே மிச்சம் பிடித்த நேரத்தை வேறோர் இடத்தில் கொட்டினார்கள். டேவிஸ் முகத்தில் மிச்சம் பிடித்ததைத் தரைவிரிப்பில் கொட்டினார். எல்ஸ்வொர்த் உடம்பில் மிச்சம் பிடித்ததை முகத்தில் கொட்டினார். அதனால் எந்தப் படம் அழகு என்று கேட்பதைவிட, எந்த வேலை எனக்குச் சலிக்காது என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் அளவுகோல் முகம்: பக்கவாட்டா, நேரா? இதன் கனம் எவ்வளவு என்று அந்தக் காலத்து விலைப்பட்டியலே சொல்லிவிடும். ஊர் ஊராகப் போய் உருவப்படம் வரைந்தவர்களில் ஒருவரான ரூஃபஸ் போர்ட்டர் 1820 வாக்கில் அச்சிட்டு விநியோகித்த துண்டுப் பிரசுரம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. காகிதத்தில் வெட்டிய சாதாரணப் பக்கவாட்டு உருவம், இரட்டைப் பிரதியாக, 20 சென்ட். முழு வண்ணத்தில் பக்கவாட்டு முகம் 2 டாலர். நேர்முகம் 3 டாலர். தந்தத்தில் சிற்றோவியம் 8 டாலர். அதே ஆள், அதே வண்ணம். முகத்தைத் திருப்பியதற்கு ஒரு டாலர் கூடுதல். மூக்கை நேரே பார்த்து வரைய நிழல் வேண்டும், இரண்டு கண்ணும் சமமாக உட்கார வேண்டும். பக்கவாட்டில் ஒரே கோட்டில் மூக்கு முடிந்துவிடும். மெய்ன் மாநிலத்தில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த வில்லியம் மேத்யூ பிரையர் 1831-ல் கொடுத்த பத்திரிகை விளம்பரம் இன்னும் வெளிப்படை: நிழல் போடாத தட்டைப் படம் போதும் என்றால் கால் விலைதான் என்றார்.

இரண்டாவது, நேரம் எங்கே போகிறது. மூன்றாவது, தப்பினால் திருத்த முடியுமா. வாட்டர்கலரில் இது பெரிய கேள்வி. காகிதத்தில் ஊறிய கறுப்பைத் திரும்ப எடுக்க முடியாது. நான்காவது, காகிதம், நிறம், சட்டம் என்று கையைக் கடிக்கும் செலவு. கடைசியாக, முடித்த படம் எங்கே போகப்போகிறது: கூடத்துச் சுவருக்கா, மேசைக்கா, பரிசுப் பொட்டலத்துக்கா?

அவசரக்காரர்களுக்கு ஓர் அட்டவணை. காரணங்கள் கீழே.

| யாருடைய பாணி | முகம் | நேரம் விழுங்குவது | திருத்தம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஜோசப் ஹெச். டேவிஸ் | பக்கவாட்டு, முழு உருவம் | தரைவிரிப்பு, மேசை, எழுத்து | முகத்தில் எளிது, கறுப்பு உடையில் கடினம் | எழுத்துப் பயிற்சி |
| எல்ஸ்வொர்த், டாலீ | பக்கவாட்டு, மிகச் சிறியது | முகம் மட்டும் | அநேகமாக முடியாது | நல்ல பிரஷ், பூதக்கண்ணாடி, கண் வலி |
| ஷூட் தம்பதி | பெரும்பாலும் நேர்முகம், பெரியது | முகம், பின்னணி | ஓரளவு, மேலே ஒட்டி மறைக்கலாம் | பெரிய தாள், பெரிய சட்டம் |
| ஜேக்கப் மேன்டல் | இரண்டும் உண்டு, முழு உருவம் | உடை, சுற்றுப்புறம் | நடுத்தரம் | பொறுமை |
| போர்ட்டர் வழி | கருவியால் எடுத்த பக்கவாட்டு | கிட்டத்தட்ட எதுவும் இல்லை | மறுபடி எடுக்கலாம் | கை பழகாமலே போகும் |

ஜோசப் ஹெச். டேவிஸ்: முகத்துக்குப் பயப்படுபவர்களுக்கு

நியூ ஹாம்ப்ஷயரிலும் அதை ஒட்டிய மெய்ன் பகுதியிலும் 1832 முதல் 1837 வரை வரைந்தவர். ஒரு பள்ளி ஆசிரியரின் படத்தில் தன்னை 'இடது கை ஓவியர்' என்று எழுதிவைத்திருக்கிறார். வாழ்க்கையைப் பற்றி அதற்கு மேல் தெரிந்தது கொஞ்சம்தான். படங்கள் மட்டும் 150 போல அவர் பெயரில் இருக்கின்றன.

ஒரு தம்பதி படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவே மேசை. இரு பக்கமும் கணவன் மனைவி எதிரெதிரே. அவர் கையில் செய்தித்தாள், அவள் கையில் சின்னப் புத்தகம். மேசைமேல் தொப்பியோ பைபிளோ பழக்கூடையோ. சில படங்களில் கீழே ஒரு பூனை. சுவரில் ஒரு படம், அதைச் சுற்றி இலைத்தோரணம். ஜேம்ஸ், சாரா டட்டில் என்ற தம்பதியை 1836-ல் வரைந்தபோது சுவர்ப் படத்தில் ஒரு மர அறுவை ஆலையைப் போட்டிருக்கிறார். முகத்தைத் தேடினால் பென்சில் கோடும் கன்னத்தில் துளி சிவப்பும்தான். ஆனால் காலுக்குக் கீழே பாருங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று வளைந்த தீற்றல்கள் தரை முழுக்க ஓடும். மேசையின் மரக்கோடுகள் நிஜ மரத்தில்கூட அவ்வளவு ஆட்டம் போடாது. அடியில் அலங்கார எழுத்தில் பெயர், வயது, தேதி.

அளவும் தோதானது. தம்பதி படம்கூட ஏ3 தாளுக்குள் அடங்கிவிடும்.

இதில் தொடங்குபவருக்கு என்ன லாபம்? முகம் சரியாக வராவிட்டாலும் படம் நிற்கும். பக்கவாட்டுக் கோட்டைப் பென்சிலில் பத்து முறை அழித்து எழுதலாம், நிறம் வைப்பதற்கு முன்பே எல்லாம் தீர்ந்துவிடும். அப்புறம் தரைவிரிப்பு; அங்கே தப்பு என்று ஒன்றே கிடையாது, தீற்றல் கொஞ்சம் கோணினால் அதுவும் வடிவம்தான். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்த இடம் கொண்டாட்டமாக இருக்கும்.

நஷ்டம் இரண்டு. ஒன்று, ஆண்களின் கறுப்புக் கோட்டு. அவ்வளவு பரப்பில் கறுப்பைத் திட்டுத்திட்டாக இல்லாமல் ஓட்டுவது வாட்டர்கலரில் கஷ்டமான வேலை. ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் ஓரம் காய்ந்து வரி விழும். நீர்க்கக் கரைத்த கறுப்பில் துளி பிரஷ்ய நீலம் சேர்த்து, முழுக்கக் காயவிட்டு, மூன்று பூச்சாக ஏற்றுங்கள். வெள்ளை வேட்டி சட்டைக்காரரை வரைகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே தாளின் வெள்ளையை விட்டுவிட்டு மடிப்பை மட்டும் பென்சிலில் காட்டினால் போதும்.

இரண்டாவது, எழுத்து. இதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அடியில் இருக்கும் அந்த வரியை எடுத்துவிட்டால் டேவிஸ் படம் பாதிதான். அது பேனாக்காரரின் எழுத்து. ஊர்ப்பக்கம் கையெழுத்து ஒரு கலையாக இருந்த காலம். தமிழில் எழுதினாலும் எழுத்தின் தடிமனும் இடைவெளியும் ஒரு தாளில் திட்டம் போட்டு, பிறகுதான் படத்துக்கு மாற்ற வேண்டும். படம் முடிந்த பிறகு கடைசி வரியில் மையைக் கொட்டினால் வரும் எரிச்சல் தனி. அதனால் எழுத்தை முதலில் எழுதிவிட்டு மேலே வரையத் தொடங்கச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை: தேடும்போது ஜே. ஏ. டேவிஸ் என்ற பெயரில் வேறு படங்களும் வரும். அது ரோட் ஐலண்டு பக்கம் வரைந்த ஜேன் அந்தோணி டேவிஸ் என்ற பெண். நெடுங்காலம் இருவரையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் வரைந்தது அரை உருவம், தரைவிரிப்பு இல்லை. நல்ல படங்கள்தான், ஆனால் வேறு பாடம்.

எல்ஸ்வொர்த், டாலீ: உள்ளங்கைக்குள் ஒரு முகம்

ஜேம்ஸ் சான்ஃபோர்ட் எல்ஸ்வொர்த் கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கம் திரிந்தவர். ஜஸ்டஸ் டாலீ நியூயார்க் மாநிலத்துக்காரர். இருவரும் தந்தச் சிற்றோவியம் வாங்க வசதியில்லாதவர்களுக்குக் காகிதத்தில் அதன் ஏழை உறவினரைச் செய்துகொடுத்தார்கள். உயரம் மூன்று அங்குலம் போல. எல்ஸ்வொர்த்தின் ஆட்கள் விநோதமாக வளைந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இடுப்புக்குக் கீழே என்ன செய்வதென்று தெரியாமல் மேகம் மாதிரி ஒரு வளைவைப் போட்டு உடம்பை முடித்துவிடுவார். அந்த மேகத்தைப் பார்த்தே அவர் படம் என்று சொல்லிவிடலாம். டாலீயின் முகங்கள் இன்னும் அடக்கம்: மார்பளவு, கறுப்பு உடை, கூர்மையான ஒரு கோடு.

சின்னப் படம் என்றால் சுலபம் என்று நினைத்து வருபவர்கள் இங்கேதான் அடிவாங்குவார்கள். மூன்று அங்குலத்தில் முகத்துக்குக் கிடைப்பது உங்கள் கட்டைவிரல் நகத்தளவு. அதில் உதட்டின் கோடு அரை மில்லிமீட்டர் இறங்கினால் சிரிக்கிறவர் சிடுசிடுப்பாகிவிடுவார். அழித்தால் தாளின் மேல்தோல் எழும்பும், அதன்மேல் நிறம் பரவும், கதை முடிந்தது. திருத்துவதைவிடப் புதிதாக வரைவதுதான் வேகம்.

காகிதம் மலிவு, சட்டம் மலிவு என்பது உண்மை. ஆனால் நுனி கலையாத ஒரு நல்ல சன்னப் பிரஷ், மேசைப் பூதக்கண்ணாடி, நல்ல வெளிச்சம் என்று செலவு வேறு வழியில் வரும். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த வேலை வேண்டாம்.

எப்போது இது சரி? ஏற்கெனவே பென்சிலில் முகம் நன்றாக வரும், பெரிய பரப்பில் நிறம் ஓட்டத்தான் பயம் என்பவர்களுக்கு. தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது, மேசையை ஆக்கிரமிக்க முடியாது என்பவர்களுக்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குத் தபாலில் அனுப்ப இதைவிடத் தோதான படம் கிடையாது.

ஷூட் தம்பதி: அழகு இங்கேதான், ஆனால் முதலில் வேண்டாம்

ரூத் விட்டியர் ஷூட்டும் அவர் கணவர் சாமுவேல் அடிசன் ஷூட்டும் 1827-ல் மணம் முடித்தவர்கள். சாமுவேல் ஒரு மருத்துவர். இருவரும் சேர்ந்து நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், வெர்மான்ட் என்று சுற்றினார்கள். சில படங்களில் 'வரைந்தவர் ஆர். டபிள்யூ. ஷூட், வண்ணம் தீட்டியவர் எஸ். ஏ. ஷூட்' என்றே எழுதியிருக்கிறார்கள். மனைவி கோடு, கணவர் வண்ணம். லோவல் நகரத்துப் பஞ்சாலைகளில் வேலை செய்த இளம்பெண்கள் சொந்தச் சம்பளத்தில் இவர்களிடம் படம் எழுதிக்கொண்டார்கள். சாமுவேல் 1836-ல் இறந்துபோனார். ரூத் அதற்குப் பிறகும் வரைந்தார்.

இந்தப் படங்கள் பெரியவை, சில இரண்டடி உயரம் போகும். வாட்டர்கலரில் அந்தக் காலத்தில் இது துணிச்சல். அரை உருவம், முகம் பெரிதாக உங்களைப் பார்க்கும். பின்னால் சாய்வாக ஓடும் நீர்த்த கோடுகள், மழைச்சாரல் அடிப்பது போல. கிட்டே போனால்தான் வேடிக்கை புரியும்: வாட்டர்கலரோடு நிற்கவில்லை. பென்சில், பாஸ்டல், கோவாஷ் என்கிற, அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம் எல்லாம் கலந்திருக்கும். கழுத்து மணியும் பொத்தானும் மின்ன வேண்டும் என்றால் தங்கத்தாளையே வெட்டி ஒட்டிவிட்டார்கள். தங்கத்தை வண்ணத்தில் காட்டுவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தஞ்சாவூர் ஓவியத்துக்கு விற்கும் தங்கத்தாளே உங்களுக்குப் போதும். அட்டிகையும் ஜிமிக்கியும் போட்ட பாட்டியை வரைகிறவர்களுக்கு இந்த வழி ஒரு வரப்பிரசாதம்.

இங்கே சிக்கல் முகத்தில்தான். பெரிதாகவும் நேராகவும் இருப்பதால் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஷூட் தம்பதியின் முகங்கள் நிழல் குறைவாக இருந்தாலும் கண் இமையும் மூக்கோரமும் உறுதியான கோட்டில் நிற்கின்றன. அந்த உறுதி இல்லாத கை வரைந்தால் பொம்மை முகம் வரும். பின்னணியும் சாதாரணமாகத் தெரியும், ஆனால் இரண்டடித் தாளில் ஈரம் காய்வதற்குள் கோடுகளை ஓட்டி முடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

செலவையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். அந்த அளவுக்குக் கனமான வாட்டர்கலர் தாள் முழு ஷீட்டாகத்தான் வாங்க வேண்டும். ஒன்று கெட்டால் ஒரு ஷீட் போச்சு. தாளை விறைப்பாக ஒட்டிவைக்கப் பலகை வேண்டும். கடைசியில் கண்ணாடிச் சட்டம் போடப் போகும்போதுதான் மொத்தத் தாளையும் நிறத்தையும் விட அது கூடுதல் என்று தெரியவரும். ஒட்டிய தங்கத்தாள் கண்ணாடியில் உரசாதபடி இடைவெளியும் விட வேண்டும்.

இருந்தும், நாலைந்து படம் முடித்தவர் என்றால் என் ஓட்டு இவர்களுக்குத்தான். சுவரில் மாட்டினால் அறைக்குள் நுழைகிறவரை நிறுத்திப் பார்க்கவைக்கும் படம் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

ஜேக்கப் மேன்டல்

ஜெர்மனியின் காசல் நகரத்தில் பிறந்து, பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடும்பங்களை வரைந்து, பிறகு இண்டியானாவின் நியூ ஹார்மனியில் குடியேறி 1863-ல் இறந்தவர். முழு உருவம், பளிச்சென்ற நிறம், பின்னால் தோட்டமோ வீட்டின் உள்பகுதியோ. முதலில் பக்கவாட்டு, பிறகு நேர்முகம் என்று போனதால், ஒரே ஆளைப் பின்பற்றியே இரண்டையும் பழகலாம். பட்டுப்புடவையின் கரை, குழந்தையின் பாவாடை என்று துணியை ரசித்து வரைபவர்களுக்கு ஏற்றவர். டேவிஸில் இரண்டு மூன்று முடித்தவர்கள் அடுத்து இங்கே வரலாம்.

போர்ட்டர் வழி: வரையவே தெரியாவிட்டால்

ரூஃபஸ் போர்ட்டர் ஓவியரா, எந்திரக்காரரா என்று சொல்வது கஷ்டம். 1845-ல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழைத் தொடங்கியவர் இவர்தான். இளவயதில் கேமரா அப்ஸ்கியூராவை (எதிரே இருப்பதன் பிம்பத்தைத் தாளில் விழவைக்கும் இருட்டுப் பெட்டி) கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், தாளில் விழும் பிம்பத்தைத் தடம் எடுத்து வண்ணம் தீட்டினார். அதற்கு முன்பே ஃபிலடெல்ஃபியாவில் பீல் குடும்பத்தின் அருங்காட்சியகத்தில், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற மோசஸ் வில்லியம்ஸ், முகத்தின் ஓரத்தைத் தடம் எடுக்கும் ஒரு கருவியைக் கொண்டு தலைக்கு 8 சென்ட் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் உருவங்கள் வெட்டினார்.

வெட்டிய தலையையும் வரைந்த உடம்பையும் சேர்த்தவர்களும் உண்டு. வெள்ளைத் தாளில் தலையின் வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் கறுப்புத் தாளை வைத்து, கழுத்துக்குக் கீழே வாட்டர்கலரில் உடை. அப்படிச் செய்த ஒருவரின் பெயர் தெரியாததால், அவர் வரைந்த உடைகளின் உப்பிய கைகளைப் பார்த்து 'பஃப் கை ஓவியர்' என்றே சேகரிப்பாளர்கள் அழைக்கிறார்கள்.

இன்றைக்கு இதற்குக் கைபேசியே போதும். இரண்டடிப் பக்கத்தில் நின்று எடுத்தால் மூக்கு நீளும். ஆறேழு அடி தள்ளி நின்று, பெரிதாக்கி, சுத்தமான பக்கவாட்டில் எடுங்கள். பிரிண்ட் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வைத்துத் தடம் எடுங்கள். ஒரே மாலையில் குடும்பம் முழுவதையும் முடித்துவிடலாம். குழந்தைகளோடு சேர்ந்து செய்ய இதுதான் சிறந்தது. ஆனால் இதிலேயே தங்கிவிட்டால் பார்த்து வரையும் பழக்கம் வராது. தடம் எடுப்பது ஏமாற்று வேலை என்று நினைக்கிறவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடலாம், அவர்களே செய்ததுதான்.

எதைத் தேர்ந்தாலும் வரும் செலவு

தாள்: நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சொரசொரப்பான கோல்ட் பிரஸ் தாள் இந்தப் பாணிக்கு ஒத்துவராது. பென்சில் கோடு உடையும், பேனா சிக்கும். வழவழப்பான ஹாட் பிரஸ் அல்லது பிரிஸ்டல் போர்டு கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும். பெரிய பரப்பில் நீர் ஓட்டும் ஷூட் பாணிக்கு மட்டும் லேசான சொரசொரப்பு பரவாயில்லை.

நிறம்: அந்தக் காலத்துக் கார்மைன் சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துவிடும். இன்று ஒரு பழைய படத்தில் கன்னம் வெளிறித் தெரிந்தால் ஓவியர் அப்படித்தான் வைத்தார் என்று சொல்ல முடியாது. நீங்கள் வாங்கும் பெட்டியிலும் அலிஸரின் கிரிம்சன் இருந்தால் அதே கதி. குவினாக்ரிடோன் சிவப்பு எதையாவது தனி ட்யூபாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம்: பழைய படங்கள் பலவற்றைக் கெடுத்தது பின்னால் வைத்த மரப்பலகைதான். மரத்தின் அமிலம் தாளில் ஏறி, மரக்கோடுகளின் வடிவிலேயே பழுப்புக் கறை விழும். அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்கிப் பின்னால் வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

பார்த்து வரைய மூலப்படங்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாஷிங்டனின் நேஷனல் கேலரியும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் காப்புரிமை முடிந்த படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தரவிறக்க விடுகின்றன.

யாருக்கு எது

கல்யாண நாள் பரிசாக அப்பா அம்மாவுக்கு என்றால் டேவிஸ். நடுவே மேசை, சுவரில் அவர்கள் நடத்திய கடையோ ஓட்டு வீடோ. இறந்துபோனவரை ஒரே ஒரு பழைய புகைப்படத்திலிருந்து வரைய வேண்டும் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்: நம் வீடுகளின் பழைய படங்கள் பெரும்பாலும் நேர்முகம். அதைப் பக்கவாட்டாக்கக் கற்பனை செய்தால் சாயல் போய்விடும், வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். அந்த ஒரு சூழலில் மட்டும் புதியவராக இருந்தாலும் ஷூட் பக்கம்தான் போக வேண்டும். இரண்டடிக்குப் பதில் ஏ4 அளவில், புகைப்படத்திலிருந்து தடம் எடுத்து, பின்னணிக் கோடுகளையும் தங்கத்தாளையும் மட்டும் அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டே இருக்கும் குழந்தைக்குப் போர்ட்டர் வழி. பேரப்பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வரிசையில் மாட்ட எல்ஸ்வொர்த் அளவு.

நிஜ ஆளைப் போலவே, தோலின் நிறமும் நிழலும் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இவர்களில் யாருமே சரிப்பட மாட்டார்கள். 1839-ல் டாகுரோடைப் புகைப்படம் வந்து சில ஆண்டுகளில் இந்த ஓவியர்களின் பிழைப்பைப் பறித்ததும் அந்த எதிர்பார்ப்புதான். அப்படிப்பட்டவர்கள் வழக்கமான உருவப்பட வகுப்பில் சேர்வது நல்லது.